குழல் துலக்கிய ஐப்பசி

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தி மிதித்தவர்கள், உப்பு வாரியவர்கள், பெட்டி சுமந்த பெண்கள் எல்லாரும் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். தை கழிந்து வெயில் திரும்புகிற வரையில் அந்த வெட்டவெளியில் மிஞ்சுவது பனையோலை போர்த்திய பதினோரு உப்பு அம்பாரங்களும், அவற்றுக்குக் காவலாக அப்பாவும், அப்பாவோடு நானும்தான்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில் ஐந்து மைல் வந்து, அங்கிருந்து கடலைப் பார்த்து வரப்பு வழியாக ஒரு மைல் நடந்தால் எங்கள் குடிசை. இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. ஊரில் விளக்குகளை மறைத்து வைக்கச் சொல்லியிருந்ததால், இருட்டிய பிறகு ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

எனக்கு ஒன்பது வயது. அதற்கு முந்தின வருஷம்வரை ஊருக்குள்தான் இருந்தோம். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்து இறந்துபோனாள். அப்பா வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு என்னை அளத்துக்கே கூட்டி வந்துவிட்டார். என் படிப்பு அத்தோடு நின்றது. அம்மாவுடைய பொருள் என்று என்னிடம் இருந்தது அவளுடைய கடைசி மருந்து பாட்டில் ஒன்றுதான். வேளைக்கு எவ்வளவு என்று காட்டுவதற்காக, காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்தார்கள். கடைசி மூன்று பல் மருந்தை அம்மா குடிக்கவில்லை. அதை யாரோ கொட்டிவிட்டுப் பாட்டிலை என்னிடம் கொடுத்தார்கள்.

அப்பா பேசுகிறவர் இல்லை. "சாப்பிட்டியா", "கதவச் சாத்து", "மழ வருது" என்பவைதான் ஒரு நாளைய பேச்சு. நானும் கூச்சக்காரன். இன்றைக்கும் நான்கு பேர் கூடியிருக்கிற இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. ஆனால் அந்த வயதில் எனக்குப் பேச ஆசை இருந்தது. அதனால் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தேன். பதினோரு அம்பாரங்களுக்கும் என் வகுப்புப் பையன்களின் பெயர்களை வைத்தேன். காலையில் கையில் குச்சியோடு வரப்பில் நின்று, வாத்தியார் போல ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். கூப்பிட்டுவிட்டு நானே குரலை மாற்றி "ஆஜர் சார்" என்பேன். மழையில் ஓலை சரிந்துபோன அம்பாரம் என்றால் அந்தப் பையனுக்குக் காய்ச்சல். அப்பா தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் இதெல்லாம்.

ஒருநாள் ஏழாவது பெயரைக் கூப்பிட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அம்பாரத்துக்குப் பின்னாலிருந்து "ஆஜர் சார்" என்று ஒரு குரல் வந்தது.

குச்சியைப் போட்டுவிட்டு ஓடினேன். பாத்திச் சேற்றில் வழுக்கி விழுந்தேன். பின்னால் ஒரே சிரிப்பு.

"ஏலே மருமவனே, ஓடாதலே! பேயி எங்கயாவது சார் போட்டுப் பேசுமா, கேட்டியா?"

சாத்தான்குளத்து மாமா. அம்மாவின் தம்பி. தோளில் ஒரு சாக்குப் பை. வேட்டி ஓரத்திலும் கால்களிலும் அவர் ஊர்த் தேரி மண் செக்கச்செவேல் என்று அப்பியிருந்தது. பேச்சுக்குப் பேச்சு 'கேட்டியா' போடுவது அம்மாவின் வழக்கம். அவருக்கும் அது உண்டு. ஒரு வருஷமாக நான் கேட்காத வார்த்தை அது.

மாமா வந்த காரணம் ஒரு துப்பாக்கி. எங்கள் அளத்து முதலாளியின் வீட்டில் அவருடைய தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டுக் கம்பியால் இடித்துச் சுடுகிற ரகம். கார்த்திகையில் முதலாளி சிநேகிதர்களோடு வல்லநாட்டு மலைப்பக்கம் மான் வேட்டைக்குப் போவார். கடல் காற்றில் கிடந்து கிடந்து அதன் குழல் உள்ளுக்குள் துருவேறிச் சொரசொரவென்று ஆகியிருந்தது. இதைச் சரி பண்ண ஆள் உண்டா என்று அவர் கேட்டபோது, அப்பா தன் மச்சினன் பெயரைச் சொல்லியிருக்கிறார். மாமா சாத்தான்குளத்தில் சைக்கிள் கடை ஒன்றில் வேலை பார்த்தவர். சண்டையால் டயரும் சாமானும் வராமல் அந்தக் கடையைப் பூட்டிவிட்டார்கள். அவர் சும்மா இருந்தார்.

மறுநாள் முதலாளியே துப்பாக்கியோடு வந்தார். குடிசை வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு குறைகளை அடுக்கினார்.

"மூணு வெடிக்கு மேல கரி அடச்சிக்கிடுதுலே. கம்பி எறங்க மாட்டேங்கு. மான் ஒரு பக்கம் போவுது, குண்டு ஒரு பக்கம் போவுது. போன வருசம் கூட வந்தவனெல்லாம் சிரிச்சான்."

மாமா கட்டையிலிருந்து குழலைப் பிரித்தார். சைக்கிள் கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய திருக்கியால் அதன் பின்மூடியைக் கழற்றினார். குழலை வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, உள்ள பனமரம் மாதிரி இருக்கு. கரி அதுல ஏறி ஒக்காந்துக்கிடுது. நான் பாக்கு மரம் மாதிரி ஆக்கித் தாரேன். அப்பறம் குண்டும் நேரா போவும், கரியும் தங்காது."

முதலாளிக்கு அந்தப் பேச்சுப் பிடித்துவிட்டது. தொடையில் தட்டிச் சிரித்தார்.

"சரில. கார்த்திக பொறந்ததும் வாரேன். அந்த வரப்புல பத்துச் சட்டி வய்யி. பத்துல ஏழு ஒடஞ்சா, டவுன்ல நம்ம லாரி செட்டுல ஒனக்குப் பிட்டர் வேல. என் வாக்கு."

அப்பா என்றுமில்லாமல் குறுக்கே பேசினார். "செஞ்சிருவான் மொதலாளி. கைக்காரன்."

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். குழல் வழவழப்பாகிவிட்டால் மாமா டவுனுக்குப் போய்விடுவார்.

வேலை ஆரம்பமாயிற்று. கடற்கரையில் கிழிந்துபோன வலைகளை எறிந்துவிட்டுப் போயிருப்பார்கள். அவற்றில் கட்டியிருந்த ஈயக்குண்டுகளை நான் பொறுக்கி வந்தேன். மாமா ஒரு கம்பியின் நுனியைக் குழலுக்குள் விட்டு, ஈயத்தை உருக்கி அதைச் சுற்றி ஊற்றினார். ஆறியதும் அந்தக் குழலுக்கென்றே அளவெடுத்த ஒரு முட்டு கம்பி நுனியில் உருவாகியிருந்தது. அதன்மேல் புன்னை எண்ணெயும் குருந்தக்கல் பொடியும் குழைத்துத் தடவி, குழலுக்குள் முன்னும் பின்னும் இழுத்தார். நடுவில் ஓர் இடத்தில் நின்றுவிட்டால் அங்கே பள்ளம் விழுந்துவிடுமாம். அதனால் மூச்சு விடுவதுபோல ஒரே சீராகக் கை போய்வர வேண்டும்.

எண்ணுவது என் பொறுப்பு. எனக்கு நூறுவரைதான் தெரியும். நூறு வந்ததும் ஓர் உப்புக்கல்லை எடுத்து ஓலைப்பாயில் வைப்பேன். மாமா குழலைத் திருப்பிப் போடுவார். மறுபடி ஒன்று. பத்துக் கல் சேர்ந்தால் துணிவிட்டுத் துடைத்துப் பார்ப்போம். சில சமயம் வேண்டுமென்றே எழுபதுக்குப் பிறகு அறுபது என்று எண்ணுவேன்.

"வாத்தியாரே, இந்த அறுபத இப்பதான பாத்தோம்? சொந்தக்காரன்னு திரும்பி வந்துருக்கானா?" என்பார் மாமா. கையை நிறுத்தமாட்டார்.

முதல் நாள் குழல் போட்ட சத்தம் காக்கை கரைவது போல இருந்தது. நாலைந்து நாளில் அது மாவரைக்கிற சத்தமாக மாறியது. பத்து நாளில் அலை பின்வாங்குகிற மாதிரி ஸ்ஸ் என்றது. அந்தச் சத்தத்தோடு மாமாவின் பேச்சும் சேர்ந்து ஓடும். சாத்தான்குளத்துச் சந்தை, சைக்கிள் ஓட்டத் தெரியாமல் வாங்கித் தள்ளிக்கொண்டே போன போலீஸ்காரர், சின்ன வயதில் அம்மா பனங்கிழங்கு திருடி மாட்டிக்கொண்டது. அம்மா திருடினாள் என்பதை நான் நம்பவில்லை. "ஒன் அப்பனையே திருடித்தானல கெட்டுனா!" என்றார். அன்றைக்கு அப்பா சிரித்தார். அவருக்கு ஒரு பல் இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா என்னையும் குழலுக்குள் பார்க்கச் சொல்லுவார். முதலில் இருட்டுக்கு நடுவே ஒரு பொட்டு வெளிச்சம்தான் தெரிந்தது. நாளாக ஆக அந்த வெளிச்சம் சுவரில் பரவி, ஒன்றுக்குள் ஒன்றாக வெள்ளி வளையங்களாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு தடவை நான் குழலை அசைத்தபோது கடைசி வளையத்துக்குள் ஓர் ஆள் வந்து நின்றார். எறும்பளவு. சுற்றிலும் ஒன்றும் இல்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கமும் போகாமல் நின்றார். கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கடைசி வரப்பில் அப்பா.

"நல்லாத் தெரியுதா?" என்றார் மாமா.

"தெரியுது."

"இன்னும் நாலஞ்சு நாள்ல முடிஞ்சிரும், கேட்டியா."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மாமா குளிக்கப் போனார். அப்பா ஓலை கட்டப் போயிருந்தார். நான் மருந்து பாட்டிலில் பாதிவரை உப்பை அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். ஒரு துணியை அதில் நனைத்துக் கம்பியில் சுற்றி, குழலுக்குள் ஒரே ஒரு முறை விட்டு எடுத்தேன். எண்ணக்கூட இல்லை. பிறகு பாட்டிலை எண்ணெய் டின்னுக்குப் பின்னால் சாக்கைப் போட்டு மறைத்து வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் மாமா குழலைத் தூக்கிப் பார்த்தார். இறக்கினார். மறுபடி பார்த்தார்.

"அத்தான், இங்கன வாங்க. ஒரு ராத்திரில இப்படியா ஆகும்?"

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "கடக்கரக் காத்துல்லா" என்றார்.

"காத்தா இது? கொள்ளக்காரன்லா!"

மறுபடி பொடி, எண்ணெய், கம்பி. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. நான் அன்றைக்குப் போலச் சந்தோஷமாக எண்களை எண்ணியதே இல்லை. எட்டு நாள் கிடைத்தது. வளையங்கள் திரும்பவும் தெரிய ஆரம்பித்ததும் இரண்டாவது தடவை அதையே செய்தேன். இன்னும் ஆறு நாள்.

இரண்டாவது துருவுக்குப் பிறகு மாமாவின் பேச்சுக் கொஞ்சம் குறைந்தது. கை வேகமாகப் போயிற்று. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தார். உப்புக் காற்றை விரட்ட, தினமும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குழலைக் கழுவ ஆரம்பித்தார். எங்களுக்கு நல்ல தண்ணீர் ரோட்டைத் தாண்டியிருந்த கிணற்றிலிருந்து வர வேண்டும். அப்பாதான் தோளில் காவடி கட்டிச் சுமந்து வருவார்.

"குடிக்கத் தண்ணியில்ல. தொரைக்கு வெந்நி போட்டுக் குளிப்பாட்டுதான்" என்று அப்பா முணுமுணுத்தார்.

"வேல கெடைக்கட்டும் அத்தான். ஒங்களயும் வெந்நில குளிப்பாட்டுதேன்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏலே, நீ எத்தனாங் கிளாசோட நின்ன?"

"மூணு."

"வாய்ப்பாடு தெரியுமா?"

"அஞ்சு வர."

"பாப்பம். மொதல்ல வேல கெடைக்கட்டும். ஒனக்கும் ஒரு வழி பண்ணுதேன், கேட்டியா."

பெரியவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவார்கள். அம்மா இறந்த அன்று வந்தவர்களில் ஐந்தாறு பேர் எனக்கு வழி பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கார்த்திகை பிறந்தது. குழல் முடிந்துவிட்டது. கடைசியில் கணவாய் மீனின் ஓட்டைப் பொடித்து மெல்லிய துணியில் தடவி மாமா அதைத் துலக்கியிருந்தார். இனிமேல் தேய்க்க அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. உள்ளே பார்த்தால் கண் கூசியது. மாமா பின்மூடியைத் திருகிப் பூட்டினார். குழலைக் கட்டையில் சேர்த்தார். உள்ளே எண்ணெய் ஓட்டி, வாயில் எண்ணெய்த் துணியை இறுக்கி அடைத்தார். சுவரில் மாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"இனி காத்தில்ல, காத்தோட அப்பன் வந்தாலும் உள்ள போவ முடியாது."

மருந்தும், அதைப் பற்றவைக்கிற கேப்பும் வாங்க அன்று காலையிலேயே டவுனுக்குப் புறப்பட்டார். சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொன்னார். மத்தியானத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. அவர் வரவில்லை.

அப்பா அம்பாரங்களைப் பார்க்கப் போய்விட்டார். குடிசைக்குள் நானும் துப்பாக்கியும்தான். கூரையில் மழை கொட்டிற்று. மாமாவின் சாக்குப் பை மூலையில் இருந்தது. அவர் சட்டை கொடியில் தொங்கியது. நாளை சட்டிகள் உடைந்துவிட்டால் இந்தப் பையும் சட்டையும் போய்விடும். பிறகு தை வரையில் மழையும் நானும் பதினோரு அம்பாரமும் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

மண் சுமக்கிற பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஏறித் துப்பாக்கியை இறக்கினேன். என் உயரத்தைவிட அதிகம். வாய்த் துணியைப் பல்லால் கடித்து இழுத்தேன். அந்த முறை துணியை நனைத்து விடவில்லை. பாட்டிலில் இருந்த உப்புத் தண்ணீரை அப்படியே குழலுக்குள் ஊற்றினேன். ஆட்டினேன். வாசலில் கவிழ்த்தேன். மறுபடி துணியை அடைத்து மாட்டிவிட்டேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மாமா தனியாக வரவில்லை. முதலாளியும், கோட்டுப் போட்ட அவருடைய சிநேகிதர் ஒருவரும் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு அவரோடு வரப்பில் நடந்து வந்தார்கள். மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்பா ஏற்கெனவே அறுபது அடி தள்ளிப் பத்துச் சட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"ஒருதரம் துணி விட்டுட்டுத் தாரேன் அண்ணாச்சி."

"இன்னும் என்னலே தொடைக்க? ஒரு மாசமா தொடச்சது பத்தாதா?" என்று முதலாளி தானே துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். மருந்தைக் கொட்டிக் குண்டைப் போட்டு இடித்தார். கோட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அப்பா வரப்பில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

கேப்பு மட்டும் 'பட்' என்றது. வெடிக்கவில்லை.

கேப்பை மாற்றினார். மறுபடியும் 'பட்'. ஒரு கணம் புஸ் என்று இழுத்து, பிறகு வெடித்தது. குண்டு சட்டிகளுக்கு வெகு தூரம் தள்ளித் தண்ணீரில் விழுந்தது. அதற்கப்பால் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் எழுந்து பறந்தன. மறுபடி மருந்தைக் கொட்டுவதற்கு முன்னால் கரியைத் துடைக்கக் கம்பியில் துணியைச் சுற்றி விட்டார். அது பாதிக் குழலில் நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

கோட்டுக்காரர் சிரித்தார். "போன வருசம் மூணு வெடியாவது போச்சு!"

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. "இதத்தான் ஒரு மாசமா தேச்சியால? பாக்கு மரமாம்லா, பாக்கு மரம்!"

மாமா ஓடிவந்து துப்பாக்கியை வாங்கிக் காலால் மிதித்துக்கொண்டு கம்பியை இழுத்தார். துணி வந்தது. கறுப்புக்கு நடுவே அது சிவப்பாக இருந்தது. அதை விரித்து வைத்துப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த, தான் அடைத்துவைத்த வாய்த் துணியை எடுத்து, பல் பதிந்திருந்த ஓரத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். முதலாளியைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. குடிசை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டிகூட உடையவில்லை. நாளைக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மாமா துணியைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார்.

"கடக்கரக் காத்து அண்ணாச்சி. காத்துல வந்த துருதான். எண்ணெய் சரியா போடல. எங் கைதான் பத்தல."

மாமா இத்தனை விவரம் தெரியாதவராக இருக்கிறாரே என்று எனக்கு உள்ளூர வேடிக்கையாக இருந்தது.

முதலாளி துப்பாக்கியை அப்பாவிடம் எறியாத குறையாகக் கொடுத்தார். "இங்கனயே கெடக்கட்டும். பாத்தாலே வயித்தெரிச்சல்." சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார். அப்பா பின்னாலேயே போய் ரோடு வரையில் ஏதேதோ சொல்லிக்கொண்டு போனார். அப்பா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து மாமாவிடம் ஒன்றுதான் சொன்னார்.

"கைக்காரன்னு சொன்னேன்லா."

மாமா சாமான்களைக் கட்டுகிறேன் என்று குடிசைக்குள் போனார். ஒரு பை, ஒரு சட்டை, திருக்கி, எண்ணெய் டின். அதைக் கட்ட அவ்வளவு நேரம் ஏன் என்று நான் வெளியே உட்கார்ந்து யோசித்தேன். உள்ளே தண்ணீர்க் குடத்தில் செம்பு இடிபடுகிற சத்தம் கேட்டது. தாகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ரோடு வரையில் அவரோடு நடந்தேன். பையை நான்தான் சுமந்தேன். தூரத்தில் பஸ் தெரிந்ததும்தான் கேட்டேன்.

"மாமா, மறுபடி எப்ப தேய்க்க ஆரம்பிப்போம்?"

அவர் குனிந்து என் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார். அது அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. இருந்தும் போட முயன்றார்.

"நூறுக்கு மேல எண்ணிப் பழகுலே. நூத்தி ஒண்ணு, நூத்தி ரெண்டு. அவ்வளவுதான். ஒண்ணும் கஷ்டமில்ல, கேட்டியா."

பஸ் போய்விட்டது.

அந்த மாதமே அவர் பட்டாளத்தில் பிட்டராகச் சேர்ந்துவிட்டார். தையில் ஒரு கார்டு வந்தது. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எந்த ஊரிலிருந்து என்று இல்லை. 'பள்ளிக்கூடம் சேர்த்தீர்களா' என்பது மட்டும் நன்றாக விளங்கியது. 'இல்லை' என்று பதில் எழுத எனக்குத் தெரியும். எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. சண்டை முடிந்தது. போனவர்களில் பலர் வந்தார்கள். மாமா வரவில்லை.

நான் பெரியவனாகி அதே அளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் அப்பா எதையோ சொல்ல வந்து இதைச் சொன்னார். மழையில் டவுனில் தங்கிய அன்று, மாமா லாரி செட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறார். அதிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு தெரு. "ஒன்னய அங்கன வச்சுப் படிக்க வைக்கப் போறேன்னான்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, வழக்கம் போல, மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்தார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. இதை எழுதுகிற வரையில் யாரிடமும் சொன்னதில்லை.

இதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு பஸ் போன பிறகு நான் வரப்பு வழியாகத் திரும்பி வந்தேன். குடிசைக்குப் பக்கத்து வேலிக் கம்பில் என் மருந்து பாட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே உப்பு ஒரு பொட்டு இல்லை. நல்ல தண்ணீர் விட்டு நாலைந்து தரம் அலசியிருக்க வேண்டும். கண்ணாடி அப்படி மின்னியது. ஆனால் பக்கத்தில் ஒட்டியிருந்த அளவுக் காகிதம் நனையவே இல்லை. பல் பல்லாக அப்படியே இருந்தது.

அப்பா கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அடி விழும் என்று காத்திருந்தேன். அப்பா கஞ்சி காய்ச்சினார். "சாப்பிட்டியா" என்றார். "கதவச் சாத்து" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

துப்பாக்கி சுவரிலேயே கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. தினமும் காலையில் அம்பாரங்களுக்குப் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், நான் மண்பெட்டியில் ஏறிக் குழல் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். விரல் நுனியில் சாத்தான்குளத்துத் தேரி மண் போலச் சிவப்பாக ஒட்டும். நாளுக்கு நாள் துரு நன்றாக ஏறிக்கொண்டு வந்தது. இவ்வளவு துருவைத் தேய்க்க மாமாவை விட்டால் வேறு ஆள் இல்லை. இனி எந்த நேரமும் வந்துவிடுவார் என்று, ஏழாவது பெயரைக் கூப்பிட்டுவிட்டு மட்டும் நான் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் நிற்பேன்.